யார் கேட்கவில்லை?

திருவண்ணாமலையில் ஒரே வியாதிக்கு இரண்டு விதமான தீர்ப்பு உண்டு.

1948-ஆம் வருஷக் கடைசியில் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே சின்னஞ்சிறு கட்டி ஒன்று தென்பட்டது. 1949 பிப்ரவரியில் அதை அறுத்து எடுத்தார்கள். அறுத்த இடத்திலேயே மறுபடி முளைத்தது. சென்னையிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்தார்கள். அது சார்க்கோமா என்னும் ஒரு வகைப் புற்று என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள், பச்சிலை வைத்துக் கட்டினார்கள், ஹோமியோபதியும் பார்த்தார்கள். அந்த ஒரே வருஷத்துக்குள் நான்கு தடவை கத்தி பட்டது. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் அவர் இணங்கவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு உயிர் அடங்கியது. செங்கம் சாலை ஆசிரமத்தில் அவர் கடைசியாகப் படுத்திருந்த சிறிய அறையை இன்றும் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிற அடியார்கள் சொல்வது இது: பக்தர்களின் வினைகளையெல்லாம் பகவான் தம் உடம்பில் வாங்கிக்கொண்டார்.

அதே ஊரில் ஒரு சாதாரணப் பெண்பிள்ளைக்கு மார்பில் புற்று வந்தால் என்ன சொல்கிறார்கள்? "அவள் செய்த வினை" என்கிறார்கள்.

மகானுக்கு வந்தால் மற்றவர் வினை. மற்றவருக்கு வந்தால் சொந்த வினை! இந்தக் கணக்கைப் பேரேட்டில் எழுதுகிறவன் யாரோ, எனக்குத் தெரியாது. பக்தர்களின் நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. தன் துக்கத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவன் எந்த நம்பிக்கையையும் ஊன்றுகோலாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோலை ஓங்கிப் பக்கத்து வீட்டுக்காரியின் முதுகில் போடும்போதுதான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

நம் பாஷையில் ஓர் அருமையான பிரயோகம் இருக்கிறது. ஒரு நோய் மருந்தில் அடங்காவிட்டால், அது 'மருந்துக்குக் கேட்கவில்லை' என்கிறோம். காய்ச்சல் கேட்கவில்லை, இருமல் கேட்கவில்லை. நோய் என்னவோ அடம்பிடிக்கும் குழந்தை மாதிரியும், மருந்து அதட்டுகிற தகப்பன் மாதிரியும். இந்தப் பிரயோகத்தை என் மனசில் புரட்டிப் போட்டவள் எனக்கு அக்கா முறையாகும் ஒருத்தி. திருவண்ணாமலையில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஐந்நூறு பிள்ளைகளுக்கு அளந்து போட்ட கை. அவளுக்கு இடது மார்பில் கட்டி. கத்தி வைப்பதற்கு முன்னால் கட்டியைச் சுருக்க வேண்டும் என்று கீமோ ஏற்றினார்கள். இரண்டு தடவை ஏற்றியதும் சுருங்கியது. மூன்றாவதில் நின்றது. நான்காவதில் பழையபடி வளர ஆரம்பித்துவிட்டது.

நான் போயிருந்த அன்றைக்கு அவள் தலையில் ஒரு முடி இல்லை, நகமெல்லாம் கறுத்திருந்தது. பார்க்க வந்த பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி, "மருந்து மட்டும் போதுமாக்கா, மனசுல தெம்பு வேணும்" என்றாள். இன்னொருத்தி, "போன பௌர்ணமிக்கு நீ மலை சுத்தலை, இல்ல?" என்றாள். எல்லாரும் நல்லவர்கள்தான், ஒருத்தி கஞ்சி கூடக் கொண்டுவந்திருந்தாள். அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் கேட்டாள்:

"ஏன் தம்பி, நீ படிச்சவன், சொல்லு. மருந்து எனக்குக் கேக்கலையா, இல்ல, நான்தான் மருந்துக்குக் கேக்கலையா?"

நான் சயன்ஸ் படித்தது கல்லூரியில் இரண்டே வருஷம். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்தக் கேள்வி ஒரு டாக்டர் நண்பரிடமும், அவர் கொடுத்த புஸ்தகங்களிடமும் என்னைக் கொண்டுபோய் விட்டது. அங்கே தெரிந்துகொண்ட விஷயம் வைத்திய விஷயம் மட்டுமல்ல என்று எனக்குப் பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கீமோ மருந்துகளின் குலகோத்திரம் கொஞ்சம் பயங்கரமானது. முதல் உலக யுத்தத்தில் மனிதர்களைக் கொல்ல விட்ட கடுகு வாயுவுக்கு உறவான நைட்ரஜன் மஸ்டர்டு என்ற விஷத்தை, 1942-இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஒரு புற்றுநோயாளிக்கு ஏற்றிப் பார்த்தார்கள். மார்புப் புற்றுக்கு இன்றும் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு அந்த வம்சத்தில் வந்ததுதான். எல்லாமே யுத்தத்தின் பிள்ளைகள் அல்ல. நம் ஊர்ச் சுடுகாட்டோரத்தில் யாரும் தலையில் வைத்துக்கொள்ளாமல் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அதன் சத்திலிருந்து வந்த மருந்தும் உண்டு. எதுவானாலும் வேலை ஒன்றே: வேகமாகப் பெருகும் அணுவைக் கொல்வது. கொன்றும் சாகாவிட்டால் அந்த அணுவே சாமர்த்தியம் கற்றுக்கொண்டுவிட்டது என்று வெகுகாலம் நினைத்தார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. தோணிக்குள் ஏறிய தண்ணீரை இறைத்துக் கொட்டுவது மாதிரி, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு புரதத்தை, மருந்துக்குக் கேட்காத சில அணுக்களில் 1976-இல் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் 1990-இல் பாஸ்டன் நகரிலிருந்து ஒரு சோதனை வெளியாயிற்று. எனக்கு அதைப் படித்தபோது துப்பறியும் கதை படிப்பது போல் இருந்தது. பெவர்லி டைச்சர் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் சுண்டெலிகளின் மார்புக் கட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். கட்டி உள்ள எலிக்கு மருந்து கொடுத்து, தப்பிப் பிழைத்த கட்டியை எடுத்து வேறோர் எலியின் உடம்பில் வைத்து, அதற்கும் மருந்து கொடுத்து, இப்படியே திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசியில் மருந்துக்குக் கேட்கவே கேட்காத கட்டிகள் கிடைத்தன. சரி, இந்தப் பொல்லாத அணுக்களைப் பிடித்துத் தனியே விசாரிப்போம் என்று கண்ணாடித் தட்டில் வளர்த்து அதே மருந்தை ஊற்றினார்கள். செத்துப்போயின! சாதாரணப் புற்றணு எப்படிச் சாகுமோ, அப்படியே.

உடம்புக்குள் சண்டியர், தட்டில் சாது. அப்படியானால் அந்தப் பிடிவாதம் எங்கே இருந்தது? அணுவுக்குள் மட்டும் இல்லை. அது குடியிருந்த இடத்தில் இருந்தது. மூன்று வருஷம் கழித்து வேறு சிலர் அதே அணுக்களைத் தட்டில் பரப்பாமல் உருண்டையாகத் திரளவிட்டுப் பார்த்தார்கள். திரண்டதும் பழைய பிடிவாதம் திரும்பிவிட்டது. நிலத்தின் இயல்பால் நீர் மாறுவதுபோலச் சேர்ந்த கூட்டத்தின் இயல்பால் மனிதன் அறிவு மாறும் என்று வள்ளுவர் 'சிற்றினம் சேராமை'யில் சொன்னதை நாம் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறோம். அணுவுக்கும் அதுவே சட்டம் போலிருக்கிறது.

நிலம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1889-இல் லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற ரண வைத்தியர், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். ரத்தத்தோடு ஓடும் புற்று விதை எல்லா உறுப்புக்கும்தான் போகிறது. ஆனால் ஈரலில் அடிக்கடி முளைக்கிறது, மண்ணீரலில் அபூர்வமாகவே முளைக்கிறது. விதை மட்டும் போதாது, மண்ணும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் எழுதினார். இதைப் புரிந்துகொள்ள நமக்கு லண்டன் வேண்டாம். அண்ணாமலையின் சரிவுகளில் மரக்கன்று நடுகிறவர்களைக் கேட்டால் போதும். கன்று நடுவதற்கு முன்னால் அவர்கள் தீ பரவாமலிருக்கப் புல்லைச் செதுக்கிக் கோடு போடுகிறார்கள். ஓடுகிற தண்ணீர் நிற்கக் குழி வெட்டுகிறார்கள். மண்ணைக் கவனிக்காமல் எத்தனை லட்சம் கன்று வைத்தாலும் ஒரே கோடை அத்தனையையும் தின்றுவிடும். பேஜெட் சொன்னதைச் சுமார் நூறு வருஷம் பலர் கேட்கவில்லை. விதையைக் கொல்லும் உற்சாகத்தில் மண்ணை மறந்துவிட்டார்கள்.

அந்த மண்ணில் என்னதான் இருக்கிறது?

முதலில் வழி சரியில்லை. கட்டி தனக்கு வேண்டிய ரத்தக் குழாய்களை அவசர அவசரமாக முளைக்கச் செய்துகொள்கிறது. கணக்கில்லாமல் வளைந்தும் ஒழுகியும் கிடக்கும் குழாய்கள். ஒழுகிய நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, உள்ளே அழுத்தம் ஏறிவிடுகிறது. மருந்து உள்ளே போகப் பார்த்தால் அந்த அழுத்தம் வெளியே தள்ளுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் ரசாயனப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போன ராகேஷ் ஜெயின் வருஷக்கணக்காக ஆராய்ந்தது இதைத்தான். பொறியியல்காரர் அல்லவா, குழாயையும் அழுத்தத்தையும் பார்த்தார்! குழாய்க்கு எட்டாத உட்பகுதியில் பிராணவாயு இல்லை. அங்கே அணுக்கள் பெருகாமல் சோம்பிக் கிடக்கின்றன. பெருகுகிறவற்றைத் தேடிக் கொல்லும் மருந்து சோம்பேறிகளைக் கண்டுகொள்வதில்லை. அங்கே தேங்கும் புளிப்பினால், நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று பயப்படும் அட்ரியாமைசின் அணுவுக்குள் நுழைவதும் குறைந்துவிடுகிறது.

இதெல்லாம் சரி. என்னை உலுக்கியது இது அல்ல. அந்த இடத்தில் குடியிருக்கிறவர்கள்.

மார்புக் கட்டி என்றால் முழுக்கப் புற்றணு என்று நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அப்படியல்ல. அதில் பெரும் பங்கு நம்முடைய சொந்த, நல்ல அணுக்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் என்று ஒன்று. காய்கறி நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் ஓடிவந்து நார் நெய்து காயத்தை மூடுவது அதுதான். மேக்ரோஃபேஜ் என்று ஒன்று. கிருமியையும் செத்த அணுக்களையும் விழுங்கி இடத்தைத் துப்புரவு செய்வது. இவை இரண்டும் இல்லாவிட்டால் நமக்கு ஒரு முள் குத்திய காயம் கூட ஆறாது. இவைதான் புற்றைச் சுற்றி நின்று அதைக் காக்கின்றன.

துரோகத்தினாலா? இல்லை. 1986-இல் ஹரால்ட் டிவோராக் என்ற பாஸ்டன் டாக்டர் சொன்னார்: புற்றுக்கட்டி என்பது ஆறாத காயம். கட்டி, 'இங்கே காயம், இங்கே காயம்' என்று ஓயாமல் கூப்பிடுகிறது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவதுதான் அந்த அணுக்களின் தர்மம், வருகின்றன. நார் நெய்கின்றன, அது கட்டியைச் சுற்றி மருந்து புக முடியாத கோட்டைச் சுவராகிறது. வளர்ச்சிக்கு வேண்டிய சத்துகளைச் சுரக்கின்றன. அதைப் புற்றணு குடிக்கிறது. அடிபட்ட அணு சாகாமலிருக்கத் தைரியம் சொல்கின்றன. மருந்தால் அடிபட்ட புற்றணு எழுந்து உட்காருகிறது. இன்னும் கொடுமை ஒன்று உண்டு. மருந்து கட்டியைக் காயப்படுத்துகிறதல்லவா? அது நிஜமான காயம். அந்தக் காயத்தைப் பார்த்து மேலும் மேக்ரோஃபேஜ்கள் வந்து சேர்ந்து, மருந்திடமிருந்தே கட்டியைக் காப்பாற்றுவதைச் சுண்டெலிகளின் மார்புக் கட்டிகளில் 2011-இல் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிலும் சாட்சி உண்டு. கத்திக்கு முன் கீமோ பெற்ற ஐரோப்பியப் பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள்: சில வகை மார்புப் புற்றில், கட்டியைச் சுற்றிய இந்த நார்த் திசுவின் நடமாட்டம் அதிகமாக இருந்தவர்களுக்கு மருந்து குறைவாகவே கேட்டது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். கெட்டவன் ஒருவன் ஏன் நீடிக்கிறான் என்று யோசிக்கும்போதெல்லாம் அவனுடைய பலத்தையே பார்த்து வந்திருக்கிறோம், நாங்கள் எழுதுகிறவர்கள். வில்லனுக்கு மீசை வைப்பதில் எங்களுக்கு ஒரு சிரத்தை. ஆனால் வாழ்க்கையில் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறவன் எதனால் நீடிக்கிறான்? ராத்திரி எந்நேரமானாலும் அவனுக்குச் சோறு எடுத்து வைக்கிற தாயால். அவன் கடனைச் சத்தமில்லாமல் அடைத்துவிடும் அண்ணனால். "குடும்ப விஷயம் வெளியே போகக் கூடாது" என்று காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிடும் மாமியாரால். ஒருவர் கூடக் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரும் செய்தது அவரவர் தர்மம். பசித்தவனுக்குச் சோறு, கடன்பட்டவனுக்குக் கை, காயத்துக்கு மருந்து. யாருக்காக இதைச் செய்கிறோம் என்று ஒரு தடவை கூடக் கேட்காமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

அணுவிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அதற்கு முகம் பார்க்கத் தெரியாது. கூப்பிட்டால் வரத்தான் தெரியும். ஆகவே அதற்குப் பாவமில்லை என்று விட்டுவிடலாம். நமக்கு முகம் பார்க்கத் தெரியுமே! பார்க்காமலிருப்பதற்குக் 'கடமை' என்று பெயர் வைத்துக்கொண்டால் அந்தப் பெயர் எவ்வளவு தூரம் நம்மைக் காப்பாற்றும்? கூப்பிட்டவன் யார் என்று கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவேன் என்கிற தாயை நான் கதையில் எழுதினால், நீங்களே அவளை வெறுப்பீர்கள். எனக்கும் அவளை எழுத மனசு வராது. தாய்மை கேள்வி கேட்காது என்றுதானே பெருமைப்பட்டு வந்திருக்கிறோம். அந்தப் பெருமையில் ஒரு மருமகளின் ரத்தமும் கலந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. தோன்றியதை மறைக்க விருப்பமில்லை.

அப்படியானால் அந்தச் சுற்றத்தை ஒழித்துவிட்டால்? விஞ்ஞானிகளுக்கும் இந்த ஆத்திரம் வந்தது. மார்பில் அல்ல, இதைவிட நார் மண்டிய கணையப் புற்றில் வந்தது. சுற்றி வளர்ந்த நார்த் திசுவை அழிக்கும் மருந்து ஒன்றை எலிகளில் பார்த்து மகிழ்ந்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் அந்தச் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்றவர்களின் நிலைமை மற்றவர்களைவிட மோசமாயிருந்தது. 2014-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் எலிகளில் காரணத்தைக் கண்டன. சுற்றத்தை அழித்ததும் புற்று இன்னும் மூர்க்கமாகப் பரவியது. புற்றுக்குக் கோட்டை கட்டிய அதே நார், அதைக் கட்டிப்போட்டும் இருந்திருக்கிறது! சோறு போட்ட தாயே, ஒருவேளை, அவன் கை அரிவாளுக்குப் போகாமல் பிடித்துக்கொண்டவளாகவும் இருந்திருக்கிறாள். இதைப் படித்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மனிதர்களைப் பற்றி எழுதுகிறவனுக்கு அது புதுசில்லை. இப்போது அழிப்பதைவிடத் திருத்துவதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒழுகும் குழாயை அடைக்காமல் ஒழுங்காக்கினால் மருந்து உள்ளே போகும் என்பது ஜெயின் சொல்லிவரும் யோசனை. மேக்ரோஃபேஜ்களை மறுபடி நம் பக்கம் திருப்பப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பலித்திருக்கிறது, நிறையப் பாக்கி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே ஆபத்தாகிவிடும். 'சுற்றுப்புறம்' என்று நான் சொன்னவுடனே, "பார்த்தாயா, வீட்டில் நிம்மதி இருந்தால் மருந்து கேட்டிருக்கும்" என்று ஆரம்பிக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. நான் பேசியது அணுவை ஒட்டி நிற்கும் அணுவைப் பற்றி. நாரும், குழாயும், புளிப்பும், அழுத்தமும். வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்கிறது, மாமியாரோடு சண்டையா, பௌர்ணமிக்கு மலை சுற்றினாளா என்பதெல்லாம் அந்தச் சுற்றுப்புறத்தில் சேராது. மனத் தெம்பு நல்லதுதான். கஞ்சி குடிக்க உதவும். மருந்து கேட்காமல் போனதற்குத் தெம்பில்லாதவள் மேல் பழி போட அது பிரமாணமாகாது. அக்காவுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது: "நீயும் கேட்டாய், மருந்தும் கேட்டது. நடுவில் உன் உடம்பின் நல்ல அணுக்களே வழி மறித்து நின்றுவிட்டன. அவற்றுக்கு ஆள் தெரியவில்லை." அவள் சிரித்தாள். "ஸ்கூல்ல கூட, சாப்பிட்டு முடிச்சிட்டுத் திரும்ப வந்து தட்டை நீட்டற பையனுக்கும் போட்டுத்தான் அனுப்புவேன்" என்றாள். டாக்டர்கள் மருந்தை மாற்றிக் கொடுத்து, பிறகு கத்தி வைத்தார்கள்.

ஊராரின் வாய் புற்றணுவைத் தொட முடியாது. அது தொடுகிற இடம் வேறு. இந்த ஊரில் கோயில் கொண்டிருப்பவள் உண்ணாமுலையம்மன். அந்தப் பெயரைச் சின்னக் குழந்தையிலிருந்து தொண்டு கிழவர் வரையில் வாய் நிறையச் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள், கடைப் பலகையில் எழுதுகிறார்கள். யாருக்கும் கூச்சமில்லை. அந்தச் சந்நிதியில் நின்று கும்பிட்டுவிட்டு வரும் ஒரு பெண், தன் மார்பில் கட்டி இருப்பதை ஒரு டாக்டரிடம் சொல்லக் கூசுகிறாள். புருஷனிடம் சொல்லக் கூசுகிறாள். சொன்னால் வினை என்பார்கள், தொத்தும் என்பார்கள், பெண்ணுக்கு வரன் வராது என்பார்கள். வலியும் இல்லாத கட்டி. பார்த்துக்கொள்ளலாம் என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது 1954-இல். அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் தம் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். இன்று வேலூருக்கும் புதுச்சேரிக்கும் மணிக்கொரு பஸ் போகிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுகளில் மார்புப் புற்றே இப்போது முதலாவது. சீக்கிரம் வந்தால் பெரும்பாலோரைப் பிழைக்க வைக்கலாம் என்று டாக்டர்கள் தொண்டை வற்றச் சொல்கிறார்கள்.

அக்கா டாக்டரிடம் போனது, கட்டி கையில் தட்டுப்பட்டுப் பதினோரு மாதம் கழித்து. அதற்கு முன் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கஞ்சி கொண்டுவந்த பெண்ணிடம் கூட.